பதினைந்து சுற்று

ஜூன் 3, செவ்வாய்

குழாய்க்காரர் இன்றும் வரவில்லை. கடையில் பதினோரு பேன்ட், அத்தனைக்கும் கால் மடித்துத் தைக்க வேண்டும். இடுப்பு ஒடிந்து வீட்டுக்கு வந்தால் இவர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு உள்ளங்கையை விரித்துக் காட்டுகிறார். உள்ளங்கையில் கைக்கடிகாரத்தின் திருகு. சாவி கொடுக்கத் திருகுவோமே, அந்தக் குட்டித் திருகு. அதன் அடியில் எள்ளளவு கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. மீதிக் கம்பி வாட்சுக்குள் மாட்டிக்கொண்டுவிட்டது.

"எப்படி?" என்றேன்.

"நாலாவது சுத்து" என்றார்.

நாலாவது சுத்தாம். ஜனவரியில் பக்கவாதம் வந்ததிலிருந்து அந்த வலது கை தானாகச் செய்கிற ஒரே வேலை இந்த வாட்சுக்குச் சாவி கொடுப்பதுதான். பந்தை அமுக்கச் சொன்னால் அமுக்க மாட்டார். துணி கிளிப்பைப் பிடிக்கச் சொன்னால் "நான் என்ன பச்சப்புள்ளையா" என்பார். வாட்ச் மட்டும் காலை ஏழு மணிக்கு, சொல்லாமலே. கட்டைவிரலும் சுட்டுவிரலும் நடுங்கி நடுங்கி, மூன்று சுற்று. மூன்று மாதமாக அதே மூன்று. நான் இல்லாத நேரத்தில் வீம்புக்கு நாலாவதை நெம்பி ஒடித்திருக்கிறார்.

இங்கேதானே உண்மையை எழுத முடியும். அந்த வாட்ச் ஓடியதே என்னால்தான். முதல் நாள் அவருடைய மூன்று சுற்றோடு அது பதினொரு மணிக்கு நின்றுவிட்டது. அதைப் பார்த்துவிட்டு அன்று முழுக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார், சாப்பாடும் வேண்டாம் என்று. மறுநாளிலிருந்து ஏழு மணிக்கு முன்னாலேயே, அவர் பல் தேய்க்கப் போகிற சமயம் பார்த்து மேசையிலிருந்து எடுத்து நானே பதினைந்து சுற்று கொடுத்து வைத்துவிடுவேன். முதல் சில நாள் பயத்தில் இரண்டு சுற்று கூடவே. வாட்ச் நிற்கவே இல்லை. என் பதினைந்து இல்லாவிட்டால் மனிதர் மார்ச்சிலேயே கையைக் கைகழுவியிருப்பார். அதற்குக் கிடைத்த மரியாதை இது.

ஜூன் 4, புதன்

தெரபிஸ்ட் பெண் வந்தாள். எதற்கெடுத்தாலும் "மூச்சு விடுங்க சார்" என்பதால் நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் மூச்சு. அவளிடம் இவர் சொல்கிறார்: "இனிமே வர வேணாம்மா. இந்தக் கை மூணுதான். நாலு கேட்டேன், உடைச்சுட்டுது."

வாசல் வரை போய் நின்று பேசினேன். மூச்சு, எத்தனை சுற்று என்று குறித்து வைக்கிற தன் அட்டையைக் காட்டினாள். மார்ச்சில் மூன்று, ஏப்ரலில் மூன்று, மே முழுக்க மூன்று.

"எனக்கே புரியல அக்கா. தோள் வந்துடுச்சு, முழங்கை வந்துடுச்சு. விரல் மட்டும் ஏன் இப்படி நிக்குதுன்னு தெரியல. ஆறு மாசம் வரைக்கும்தான் வேகமா வரும். அப்புறம் ஆமை நடைதான். விடாதீங்க."

விடாதீங்களாம். நானா விடுகிறேன்? ஆறு மாதம் ஆக இன்னும் ஒரு மாதம்கூட முழுசாக இல்லை. இவர் கட்டிலில் கால் மேல் கால் போட்டு ஃபேனைப் பார்க்கிறார். தலையணையைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. எறியவில்லை. உறையை மாற்றிவிட்டு வந்தேன்.

ஜூன் 5, வியாழன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாட்ச் ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் செத்த கரப்பான் பூச்சியைத் தள்ளுவது மாதிரி ஒற்றை விரலால் வாட்சைத் தள்ளிவிட்டு, "இதுக்கு சாமான் தேடுற நேரத்துல புதுசே வாங்கிடலாம்மா" என்றார். வேறு கடையிலும் அதே பாட்டு. மூன்றாவது கடைக்காரர் பேட்டரி மட்டும்தான் மாற்றுவாராம். அப்புறம் எதற்கு வாசலில் அவ்வளவு பெரிய வாட்ச் படம்?

ஜூன் 7, சனி

கொழுந்தன் வந்தார். கையில் புது வாட்ச், பேட்டரி போட்டது. "அண்ணி, இதுல சாவியே வேணாம். கட்டினா போதும்."

இவர் உடனே தம்பியைக் கட்டிவிடச் சொன்னார். சிரித்தார் வேறு! ஐந்து மாதமாக என்னிடம் சிரிக்காத சிரிப்பு. வலது கையைப் போர்வைக்கடியில் செருகி வைத்துக்கொண்டு இடது கையை நீட்டி நீட்டி மணி பார்க்கிறார். இனி அந்த விரல்களுக்கு உலகத்தில் ஒரு வேலையும் இல்லை, நிம்மதி.

கொழுந்தன் நல்லவர்தான். அதனால்தான் எதுவும் சொல்ல முடியவில்லை. தம்ளரைக் கழுவுகிற சத்தத்தில் சொல்லிக்கொண்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

நானே பழுது பார்க்கப் போகிறேன்.

ஊசிக்காது தெரியாத வெளிச்சத்திலும் நூல் கோர்க்கிறவள். ஒரு துணுக்குக் கம்பி என்ன பெரிய கம்பி? போனில் வீடியோ பார்த்தேன். வீடியோக்காரனுக்குப் பெரிய கட்டைவிரல். முக்கியமான இடம் வரும்போதெல்லாம் கட்டைவிரல்தான் தெரிகிறது. நாலு தடவை ஓட்டிப் பார்த்ததில் புரிந்தது இவ்வளவுதான்: அந்தக் கம்பிக்குப் பெயர் ஸ்டெம். நான் தண்டு என்றே எழுதுகிறேன். பின்மூடியைத் திறந்தால் ஒரு பொடி ஸ்க்ரூ இருக்கும். அதைக் கொஞ்சமே கொஞ்சம் தளர்த்தினால் தண்டு வெளியே வரும். கழற்றவே கூடாதாம். கழற்றினால் உள்ளே ஏதோ விழுந்து மொத்தமும் பிரிக்க வேண்டி வருமாம்.

காய் நறுக்கும் கத்தியால் மூடியை நெம்பினேன். மூடி திறந்தது. என் கட்டைவிரலும் திறந்தது. பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு உள்ளே பார்த்தால் — எவ்வளவு சின்னது எல்லாம். பயமாகத்தான் இருந்தது. மூடிவிட்டேன்.

"என்ன பண்ற?" என்று கட்டிலிலிருந்து குரல்.

"உங்களுக்கென்ன?" என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

வாட்ச் உதிரி விற்கிற கடை ஒன்று இருக்கிறதென்று கடையில் கூட வேலை பார்ப்பவள் சொன்னாள். மாடியில் இருட்டு அறை, சுவர் முழுக்கத் தீப்பெட்டி அளவு டிராயர்கள். கல்லாவில் ஒரு பெண், முப்பது வயது இருக்கும். தலையே நிமிரவில்லை.

"நாங்க பழுது பாக்கறதில்ல. சாமான் மட்டும்தான். நம்பர்?"

"என்ன நம்பர்?"

"மிஷின் மேல எழுதியிருக்கும். பாத்துட்டு வாங்க."

வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். ஆடுகிற சக்கரத்துக்கு அடியில் இருந்தது எண். எழுதிக்கொண்டு மறுபடி பஸ் பிடித்து, மறுபடி மாடி ஏறிப் புதுத் தண்டு வாங்கினேன். என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். அதைச் சரியான அளவுக்கு நானே வெட்ட வேண்டுமாம். வெட்டத் தெரியாதா எனக்கு.

ஜூன் 12, வியாழன்

உடைந்த துண்டு வரவில்லை. ஸ்க்ரூவைத் தளர்த்தியாயிற்று, டுவீசரால் கிள்ளினால் வழுக்குகிறது. தட்டினேன், திட்டினேன். கடைசியில் பத்தாம் நம்பர் ஊசியை உள்பக்கமாகக் கொடுத்து மெல்லத் தள்ளினேன். வந்தது! நுனி முழுக்கத் துரு. தரையில் விழுந்து, முட்டி போட்டுத் தேடி எடுத்து ஒரு தாளில் மடித்து வைத்திருக்கிறேன்.

அவருக்கும் காட்டினேன். "இத்துனூண்டா?" என்றார்.

ஜூன் 14, சனி

நாசம்.

நாசமாப் போச்சு. என் கையை என்ன பண்றது? இருபது வருஷமா துணி வெட்டுறேன். மடிப்புக்கு ரெண்டு விரக்கடை விடாம ஒரு துணியில கத்திரி வச்சிருக்கேனா? இதுல போய் —

திருகை உள்ளே அமுக்கினால் சாவி கொடுக்கலாம். வெளியே இழுத்தால் முள்ளைத் திருப்பலாம். நான் வெளியே இழுத்த நிலையில் இருந்ததைக் கவனிக்காமல், திருகுக்கும் வாட்சுக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி இருக்கிறதே என்று அளந்து, அவ்வளவையும் ஒரே வெட்டாக வெட்டிவிட்டேன். இப்போது திருகு வாட்சை ஒட்டிக்கொண்டு அழகாகத்தான் இருக்கிறது. உள்ளே தண்டு எட்டவில்லை. முள் சுற்றுகிறது, சாவி ஏறவில்லை. வெட்டிய துண்டை ஒட்ட முடியுமா? துணியானால் ஒரு ஒட்டுப் போட்டிருப்பேன்.

இவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "விடேன். எனக்குத்தான் வாட்ச் இருக்கே" என்றார்.

கத்திவிட்டேன். "வாட்ச் இருக்கு, கை எங்க இருக்கு?" என்று. சொல்லியிருக்கக் கூடாது. சொன்னதற்காக வருத்தமும் இல்லை. போர்வைக்கடியில் இருக்கிற கையைத்தான் கேட்டேன்.

ஜூன் 16, திங்கள்

மறுபடி மாடி. அந்தப் பெண் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "வெளிய இழுத்து வச்சு அளந்துட்டீங்களா?" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "முதல் தடவை எல்லாருமே ரெண்டு வாங்குவாங்க" என்று ஒரு டிராயரை இழுத்தாள்.

தாளில் மடித்து வைத்திருந்த உடைந்த துண்டைக் காட்டினேன். கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு பார்த்தாள்.

"துரு பிடிச்சிருக்கு. அதோட, சாவி முழுசா ஏறின வாட்சை யாரோ கையில கட்டிட்டே பக்கவாட்டுல நெம்பியிருக்காங்க."

"முழுசாவா? அவர் குடுத்ததே மூணு சுத்துதாங்க."

தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்த மேதாவி. படி இறங்கும்போது முனகிக்கொண்டே இறங்கினேன்.

ஜூன் 18, புதன்

போட்டுவிட்டேன்!

இந்தத் தடவை திருகை உள்ளே அமுக்கி வைத்து அளந்தேன். இடைவெளியில் பாதி மட்டும் வெட்டு. மீதியை அரத்தால் நாலு தேய், மாட்டிப் பார், மறுபடி நாலு தேய். சாயந்திரம் வந்ததிலிருந்து ஏழு மணி வரை இதுதான் வேலை. திருகை ஏற்றுவதற்கு முன் தண்டின் மரையில் ஒரு பொட்டுப் பசை. ஸ்க்ரூவை இறுக்கினேன். திருகினேன். கரகர என்று அந்தச் சத்தம்.

ஆசை தீரத் திருகினேன், எண்ணிக்கொண்டே. இருபத்தாறாவதில் கல் மாதிரி நின்றுவிட்டது. அப்படி ஒரு எல்லை இருப்பதே எனக்குத் தெரியாது. கொடுக்கக் கொடுக்க வாங்கிக்கொள்ளும் என்றுதான் நினைத்திருந்தேன். வீடியோக்காரன் சொல்கிறான், அதற்கு மேல் நெம்பக் கூடாதாம்.

நாளை சாயந்திரம் ஏழு மணி வரை ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அவரிடம் கொடுக்கலாம். பழையபடி நான் பதினைந்து, அவர் மூன்று. தொடங்கட்டும்.

ஜூன் 19, வியாழன்

சாயந்திரம் ஏழு மணிக்கும் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறது என்று பார்ப்பதற்காகத் திருகினேன். பதினெட்டாவது சுற்றில் கல்.

பதினெட்டு.

பதினெட்டில் என் பதினைந்து போனால் மூன்று.

மேசை முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பால் பொங்கி அடுப்பு அணைந்த வாசனை வந்துதான் எழுந்தேன். தினமும் நான் பதினைந்தைப் பிடுங்கிக்கொண்டேன். மிச்சம் வைத்தது மூன்று. ஆரம்பத்தில் நான் இரண்டு கூடக் கொடுத்த நாட்களால் ஸ்பிரிங் எப்போதும் நிறைந்தே இருந்திருக்கிறது. நாலாவது என்று ஒன்று அந்த வாட்சில் இல்லவே இல்லை. அவர் சுவரில் முட்டிக்கொண்டு தன் கை சரியில்லை என்று நினைத்திருக்கிறார். மூச்சின் அட்டையில் மூன்று, மூன்று, மூன்று. நான் பக்கத்தில் நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

யார் கேட்டார்கள் என் பதினைந்தை?

ஜூன் 20, வெள்ளி

இன்றும் பதினெட்டு. சொல்லவில்லை. பத்து பேன்ட். ஒன்றில் கால் கோணல், பிரித்துத் தைத்தேன்.

ஜூன் 21, சனி

சொல்லிவிட்டேன்.

சாயந்திரம் ஏழு மணிக்கு வாட்சை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். பதினைந்து கொடுத்தேன், சத்தமாக எண்ணி. "இப்ப நீங்க குடுங்க. இந்தக் கை வேணாம், நல்ல கையால" என்றேன்.

என்னைப் பைத்தியம் போலப் பார்த்தார். நான் வாட்சைப் பிடித்துக்கொண்டேன். இடது கையால் திருகினார். ஒன்று. இரண்டு. மூன்று. நின்றது. இன்னும் ஒரு தடவை விரலை மாற்றி வைத்துப் பார்த்தார். நகரவில்லை.

திருகிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "எத்தனை நாளா?"

"மார்ச்லேர்ந்து."

"தினமுமா?"

"தினமும். நீங்க பல் தேய்க்கப் போறப்ப."

முகம் சிவந்து, வாய் கோணி, வார்த்தை திக்கி, கத்தினார் பாருங்கள் — இந்த ஐந்து மாதத்தில் இப்படி ஒரு சத்தம் அந்தத் தொண்டையிலிருந்து வரவில்லை. "மூணு மூணுன்னு தினமும் எண்ணிட்டு இருந்தேனேடி! நீ பக்கத்துல நின்னு பாத்துட்டு இருந்தியே!"

நானும் விடவில்லை. "நின்னுபோனா சுவத்தப் பாத்துட்டுப் படுத்துப்பீங்க! சோறு வேணாம்பீங்க! நான் என்னதான் பண்றது?"

"நின்னா நிக்கட்டும்னு விட்டிருக்கணும்!"

சமையலறையில் போய் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல்: "அத காலியா ஆகவிடு. தொடாத."

ஜூன் 22, ஞாயிறு

இன்னும் ஓடுகிறது. சனியன், நிற்க மாட்டேன் என்கிறது. நிற்கக் கூடாது நிற்கக் கூடாது என்று மூன்று மாதம் அதன் பின்னால் அலைந்தேன். இன்று நின்று தொலையேன் என்று உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே அறையில், ஒரு பேச்சு கிடையாது, அது மட்டும் டிக் டிக் என்று.

ஜூன் 23, திங்கள்

விடிவதற்குள் நின்றிருக்கிறது. அவர் எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். சாவி கொடுக்கவில்லை. திரும்ப வைத்துவிட்டார். கொழுந்தன் கொடுத்த வாட்ச் அலமாரிக்குள் போய்விட்டது. நான் வைக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

காலை ஏழு மணி. நான் அடுப்படியிலிருந்து பார்த்தேன். வாட்சைக் கையில் கட்டவில்லை, முழங்காலுக்கு நடுவில் இடுக்கி வைத்துக்கொண்டார். மூன்று வாரமாகச் சும்மா கிடந்த விரல்கள், நடுக்கம் அதிகம். ஒன்று. இரண்டு வர எவ்வளவு நேரம்! மூன்று. அங்கே நிறுத்தி மூச்சு வாங்கினார். நான் கரண்டியைப் பிடித்தபடியே நின்றேன்.

நாலு.

ஐந்து.

ஐந்துக்குப் பிறகு விரல் வழுக்கிவிட்டது. தொடையில் கையைத் தேய்த்துக்கொண்டார், கண்ணையும். என்னைப் பார்க்கவில்லை. நான் அழுதேன். சந்தோஷமா அது? மார்ச்சிலேயே பார்த்திருக்க வேண்டிய ஐந்து. அந்த ஆத்திரம்தான் முதலில் வந்தது.

ஒன்றே முக்காலுக்கு நின்றிருக்கிறது. நான் கடையிலிருந்து வந்தபோது அப்படியே இருந்தது. கை அரித்தது, தொடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து துணி கிளிப்பைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தார்.

ஜூன் 27, வெள்ளி

ஆறு. என்னோடு இன்னும் பேசவில்லை. போனை இடது கையால் அழுத்தி மூச்சைக் கூப்பிட்டுப் பேசியது மட்டும் காதில் விழுந்தது: "வாம்மா. செவ்வாய்க்கிழமை வா. அந்த அட்டையில இருக்கறதெல்லாம் தப்பு."

ஜூலை 1, செவ்வாய்

காலையில் ஏழு. ஏழு மணிக்கு ஏழு சுற்று.

மூச்சு சாயந்திரம் வந்தாள். மார்ச் முதல் எல்லாவற்றையும் நானே அவளிடம் சொன்னேன், அவர் முன்னாலேயே. அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். பழைய தாளை எடுத்துவிட்டுப் புதுத் தாளைச் செருகினாள். மேலே தேதி எழுதிவிட்டு, குனிந்தபடியே, "மணி என்ன சார் ஆச்சு?" என்றாள்.

அவர் பழைய வாட்சைக் கட்டியிருந்த இடது கையைத் திருப்பிப் பார்த்தார். வெகு கவனமாக, கண்ணைச் சுருக்கி.

"நாலு பத்து."

அவளுடைய போன் மடியில்தான் இருந்தது, ஐந்து நாற்பது என்று பளிச்சென்று. அவள் என்னைப் பார்த்தாள். என் இரண்டு கையும் தொடைக்கடியில் இருந்தன.

"நாலு பத்துதான்" என்றேன்.

"ம்" என்றார் அவர். பத்து நாளில் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

மூச்சு நாலு பத்து என்றே எழுதிக்கொண்டாள்.